கமாண்ட் லைன் நிரலுக்கு ஆப்ஷன் அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கமாண்ட் லைனில் ஓடும் நிரலை முதன்முதலாக எழுதுபவர்கள் ஆப்ஷன்களைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். உள்வேலை முடிந்ததும், தேவைப்பட்ட இடத்திலெல்லாம் கைக்குக் கிடைத்த எழுத்தை வைத்துவிடுகிறார்கள். மூன்று மாதம் போனதும் அந்த எழுத்துகள் யாருடைய ஸ்கிரிப்டிலோ, குறித்த நேரத்தில் தானே ஓடும் யாருடைய க்ரான் வேலையிலோ போய் உட்கார்ந்துவிடும். பிறகு நிரலின் உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றலாம், அந்த எழுத்தை மட்டும் தொட முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசை முக்கியம். தலைகீழாகச் செய்தால் பின்னால் திருத்த வழியிருக்காது.

எடுத்துக்காட்டுக்கு ஒரே நிரல்தான். பாமினி, திஸ்கி, டாப், டாம் போன்ற பழைய முறைகளில் தட்டிய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சிறு நிரல் அது. பெயர் 'மாற்றி'. கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வரும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

முன்கூட்டியே தேவைப்படுபவை

மூன்று சொற்களைப் பிரித்தறிந்தால் போதும். மதிப்பு எதுவும் வாங்காமல், இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்வது ஃப்ளாக். பின்னால் ஒரு மதிப்பை எதிர்பார்ப்பது ஆப்ஷன். கோடு இல்லாமல் தனியாக வரும் சொல், பெரும்பாலும் கோப்பின் பெயர், ஆப்பரண்ட்.

அடுத்து, கட்டளையைப் பிரித்துப் படிக்க ஒரு நூலகம். சி மொழியில் கெட்ஆப்ட், பைத்தானில் ஆர்க்பார்ஸ் என்று எல்லா மொழியிலும் இருக்கிறது. நீங்களே எழுத உட்காராதீர்கள். நான்கு வரியில் முடிந்துவிடும் என்று தோன்றும். சேர்த்து எழுதிய எழுத்துகள், சமக்குறி, இரட்டைக் கோடு என்று ஒவ்வொன்றாக வரும்போது எங்கேயோ ஒன்று விட்டுப்போகும்.

எடுத்த நூலகம் எந்த வழக்கத்தில் நடக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கோ மொழியின் ஃப்ளாக் தொகுப்பில் ஒற்றைக் கோடும் இரட்டைக் கோடும் ஒன்றுதான், எழுத்துகளைச் சேர்த்து எழுத முடியாது. முதல் ஆப்பரண்டைப் பார்த்ததும் அது ஆப்ஷன் தேடுவதையும் நிறுத்திவிடும். 'மாற்றி கதை.டிஎக்ஸ்டி --ஃபோர்ஸ்' என்று தட்டினால், '--ஃபோர்ஸ்' என்பதையும் ஒரு கோப்பின் பெயராகவே அது எடுத்துக்கொள்ளும். பயன்படுத்துபவருக்குக் காரணம் கடைசிவரை புரியாது.

யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான பொதுத் தரம் பாசிக்ஸ். அதன் அடிப்படை வரையறைப் பகுதியில் 12ஆம் அத்தியாயம் கட்டளை எழுதும் வழக்கத்துக்கென்றே இருக்கிறது. 14 விதிகள். அரை மணி நேரத்தில் படித்துவிடலாம், படித்துவிட்டு வாருங்கள்.

1. நிரலுக்கு முன்னால் கட்டளைகளை எழுதுங்கள்

ஒரு தாளில் பத்துக் கட்டளைகள். தினமும் தட்டப்போவது ஐந்து, எப்போதாவது தேவைப்படுவது மூன்று, புதியவர் தவறாகத் தட்டக்கூடியது இரண்டு. அந்த நிரல் ஏற்கெனவே இருப்பதாகவே நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

பிறகு உதவித் திரையின் வாசகத்தை முழுதாக எழுதுங்கள். இந்த இடத்தில்தான் குறைகள் வெளியே வரும். ஓர் ஆப்ஷனை விளக்கும் வரியில் 'ஆனால்' வந்துவிட்டால், அது ஒன்றல்ல, இரண்டு ஆப்ஷன். நிரல் எழுதி முடித்த பிறகு உதவி எழுதினால், உள்ளே இருக்கும் மாறிகளின் பெயர்களே ஆப்ஷன்களாக வெளியே வந்துவிடும். அவை உங்களுக்கு மட்டும்தான் புரியும்.

நிரலின் பெயரையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இரண்டிலிருந்து ஒன்பது எழுத்துக்குள், சிறிய எழுத்திலும் எண்ணிலும் மட்டும் இருக்க வேண்டும் என்கிறது பாசிக்ஸ். 'மாற்றி' ஆங்கிலத்தில் ஆறெழுத்து. அதே பெயரில் வேறு கட்டளை இல்லையே என்று டெர்மினலில் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள்.

2. எது ஆப்பரண்ட், எது ஆப்ஷன்

நிரல் எதன்மேல் வேலை செய்கிறதோ அது ஆப்பரண்ட். எப்படிச் செய்ய வேண்டும் என்பது ஆப்ஷன். புதியவர்கள் இதைக் குழப்பி, எல்லாவற்றையும் ஆப்பரண்டாகவே வைப்பார்கள்:

மாற்றி பாமினி யூனிகோடு கதை.டிஎக்ஸ்டி புதியது.டிஎக்ஸ்டி

எழுதியவருக்கு இது அழகாகத் தெரியும். மற்றவர்கள் நான்கு சொல்லின் வரிசையையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இதைவிடப் பெரிய ஆபத்து நட்சத்திரக் குறியில் இருக்கிறது. முதல் கோப்பு உள்ளீடு, இரண்டாவது வெளியீடு என்று வைத்துவிட்டீர்கள். யாரோ ஒருவர் கோப்புறையில் நின்றுகொண்டு கோப்புப் பெயர்களுக்குப் பதிலாக '*.டிஎக்ஸ்டி' என்று தட்டுகிறார். உள்ளே இரண்டே கோப்புகள். தட்டியதை வாங்கி நிரலை ஓட்டும் ஷெல், நட்சத்திரத்தை அந்த இரண்டு பெயர்களாக விரித்துக் கொடுக்கும். இரண்டாவது கோப்பு அழிந்து, அதன்மேல் முதல் கோப்பின் மாற்றம் எழுதப்பட்டுவிடும்.

அதனால் ஆப்பரண்ட் எல்லாம் ஒரே வகையாக இருக்கட்டும். நம் நிரலில் அவை எல்லாமே உள்ளீட்டுக் கோப்புகள். வெளியீடு எங்கே போக வேண்டும் என்பதை '--அவுட்புட்' சொல்லட்டும்.

'--ஃப்ரம்' கட்டாயமா? ஆப்ஷன் என்றாலே விருப்பம்தானே என்று கேட்பார்கள். பொதுவாக அது சரி, முடிந்தவரை எல்லாவற்றுக்கும் இயல்பு மதிப்பு கொடுங்கள். '--டு' கொடுக்காவிட்டால் யூனிகோடு என்று வைத்தோம், நிரல் இருப்பதே அதற்குத்தான். ஆனால் பாமினிக் கோப்பு, கணினியின் கண்ணுக்கு வெறும் ஆங்கில எழுத்துகளின் வரிசை. எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. கோப்பை மட்டும் பார்த்து இது பாமினியா ஆங்கிலமா என்று நிரல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஊகம் தப்பினால் கோப்பு பாழ். இப்படித் தவறான ஊகத்தால் தரவு கெடும் இடத்தில் மட்டும் கட்டாய ஆப்ஷன் வையுங்கள்.

3. எல்லாவற்றுக்கும் நீளப் பெயர்

ஒற்றை எழுத்தை இன்னும் யோசிக்காதீர்கள். முதலில் ஒவ்வோர் ஆப்ஷனுக்கும் இரட்டைக் கோட்டில் தொடங்கும் முழுப்பெயர் வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதுபவர் இதைத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் ஓராண்டு கழித்து அதைப் படிக்கப்போகிறவர் வேறொருவர்.

சிறிய எழுத்து, சொற்களுக்கிடையே சிறுகோடு. அடிக்கோடு வேண்டாம். சில ஆப்ஷனில் அடிக்கோடும் சிலவற்றில் சிறுகோடும் இருந்தால் ஒவ்வொரு முறையும் உதவியைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே மக்கள் கைக்குப் பழகிய பெயர் இருந்தால் அதையே எடுங்கள். எழுத்துமுறை மாற்றும் வேலைக்கு ஐகான்வ் என்ற நிரல் இருக்கிறது. அதில் 'ஃப்ரம்-கோட்', 'டு-கோட்' என்று இருப்பதால்தான் நம்முடையதும் '--ஃப்ரம்', '--டு'. இதற்குப் புதுப்பெயர் கண்டுபிடிப்பதில் யாருக்கும் லாபமில்லை.

இங்கே ஒரு மறைந்த பள்ளம். கெட்ஆப்டின் நீள வடிவமும் ஆர்க்பார்ஸும் பெயரைப் பாதியில் நிறுத்தினாலும் ஏற்றுக்கொள்ளும், அது வேறொன்றோடு குழம்பாத வரை. யாரோ '--அவுட்' என்று எழுதுகிறார், வேலை நடக்கிறது. அடுத்த வெளியீட்டில் நீங்கள் '--அவுட்புட்-டிர்' சேர்க்கிறீர்கள். '--அவுட்' இப்போது இரண்டுக்கும் பொருந்துவதால் அவருடைய ஸ்கிரிப்ட் நின்றுவிடும். நீங்கள் எதையும் நீக்கவில்லை, சேர்த்ததற்கே உடைந்தது. ஆர்க்பார்ஸில் 'அலோ_அப்ரெவ்' என்ற அமைப்பை முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

4. ஒற்றை எழுத்து: கஞ்சமாக இருங்கள்

சிறிய எழுத்து 26, பெரிய எழுத்து 26, எண் 10. மொத்தம் 62 இடம்தான். தினமும் கையால் தட்டப்படும் மூன்று நான்கு ஆப்ஷனுக்கு மட்டும் கொடுங்கள். எழுத்து இல்லாத ஆப்ஷனுக்கு நாளைக்குக்கூட ஒன்று கொடுக்கலாம். கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது.

எந்த எழுத்துக்கு மக்கள் என்ன பொருள் எதிர்பார்க்கிறார்கள் என்பதைப் பாருங்கள். '-ஓ' வெளியீடு, '-க்யூ' அமைதி. இவற்றில் பெரிய சண்டை இல்லை. '-வி' பெரும்பாலும் விரிவாகப் பேசு என்பது, ஆனால் வரிகளைத் தேடும் கிரெப்பில் பொருந்தாத வரிகளைக் காட்டு என்பது. பதிப்பு எண்ணுக்குப் பெரிய வி-யை வைப்பது பாதுகாப்பு. '-எச்' உதவி என்று நினைப்போம், கோப்புப் பட்டியலும் வட்டில் பிடித்த இடமும் காட்டும் எல்எஸ், டியூ, டிஎஃப் மூன்றிலும் அது அளவை மனிதருக்குப் புரியும்படி காட்டு என்று பொருள். '-என்' என்றால், நிரல்களைக் கட்டும் மேக் என்ற கருவியிலும் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க்கிலும் வெறும் ஒத்திகை, முதல் வரிகளைக் காட்டும் ஹெட்டில் வரிகளின் எண்ணிக்கை.

எல்லாவற்றிலும் குழப்பமானது '-எஃப்'. கோப்பை அழிக்கும் ஆர்எம்மில் கேட்காமல் செய், கோப்புகளை ஒரே காப்பகமாகக் கட்டும் டாரில் கோப்பின் பெயர், கடைசி வரிகளைக் காட்டும் டெய்லில் தொடர்ந்து பார், ஐகான்வில் எந்த முறையிலிருந்து. என் முதல் பதிப்பில் அதை '--ஃபோர்ஸ்' என்பதற்குக் கொடுத்திருந்தேன். இருக்கும் கோப்பின்மேல் கேட்காமல் எழுது என்று பொருள். டார் பழகிய ஒருவர் அதைக் கோப்புப் பெயருக்கு முன்னால் வைக்கும் எழுத்து என்று நினைத்து, ஒரு கோப்புறை முழுதும் இருந்த பாமினிக் கதைகளுக்கு '-எஃப்' போட்டு ஓட்டினார். '--ஃப்ரம்' திஸ்கி என்று தவறாக இருந்தது. மூலக் கோப்புகள் எல்லாமே போய்விட்டன. வேறொரு கணினியில் நகல் இருந்ததால் மீட்டோம். தவறு அவருடையது அல்ல, அந்த எழுத்தை அங்கே வைத்த என்னுடையது. இப்போது '-எஃப்' என்றால் '--ஃப்ரம்'. '--ஃபோர்ஸ்' என்பதற்கு ஒற்றை எழுத்தே கிடையாது. அழிக்கக்கூடிய எதற்கும் முழுப்பெயரைத் தட்ட வைப்பதே சரி.

சேர்த்து எழுதுவதையும் சோதியுங்கள். மதிப்பு வாங்காத எழுத்துகளை ஒரே கோட்டில் சேர்க்கலாம், மதிப்பு வாங்குவது கடைசியில்தான் வரலாம். டாரில் கோட்டோடு '-சிஎஃப்இசட்' என்று தட்டினால், எஃப்-க்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இசட்டையே கோப்பின் பெயராக எடுத்துக்கொண்டு 'இசட்' என்ற காப்பகம் உருவாகும். இப்படித் தடுக்கி விழாதவர் குறைவு. உங்கள் உதவித் திரையில் எஃப்-ஐக் கடைசியில் வைத்தே எடுத்துக்காட்டுத் தாருங்கள்.

5. மதிப்பு வாங்கும் ஆப்ஷன்

'--ஃப்ரம் பாமினி', '--ஃப்ரம்=பாமினி' இரண்டையும் ஏற்க வேண்டும். நூலகம் பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்ளும்.

மதிப்பு கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி என்ற ஆப்ஷனை வைக்கவே வைக்காதீர்கள். இது பாசிக்ஸின் ஏழாவது விதி. ஏன் என்பதற்கு எடுத்துக்காட்டு, வரிகளைத் திருத்தும் செட் நிரலின் '-ஐ'. கோப்பை அதே இடத்தில் திருத்து என்று பொருள். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனூ செட்டில் பழைய நகலுக்கான பின்னொட்டை ஒட்டி எழுதலாம், விடவும் செய்யலாம். மேக் கணினியில் இருக்கும் செட்டுக்குப் பின்னொட்டு கட்டாயம். லினக்ஸில் ஓடிய கட்டளையை மேக்கில் தட்டினால், மாற்றவேண்டிய விதியையே பின்னொட்டாக எடுத்துக்கொண்டு புரியாத பிழை காட்டும்.

மைஎஸ்க்யூஎல் கிளையன்டின் '-பி'யும் இதே கதை. கடவுச்சொல்லை இடைவெளி விடாமல் ஒட்டி எழுத வேண்டும். இடைவெளி விட்டால், கடவுச்சொல்லைத் தனியாகக் கேட்டுவிட்டு, நீங்கள் தட்டிய சொல்லைத் தரவுத்தளத்தின் பெயராக எடுத்துக்கொள்ளும்.

நமக்கும் பழைய நகல் வேண்டும். அதை இரண்டாகப் பிரித்தோம்: '--பேக்கப்' என்ற ஃப்ளாக், '--பேக்கப்-சஃபிக்ஸ்' என்ற ஆப்ஷன்.

ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பு வேண்டுமானால் அதே ஆப்ஷனைத் திரும்பத் தட்டச் சொல்லுங்கள், அல்லது காற்புள்ளியால் பிரிக்கச் சொல்லுங்கள். பின்னால் வரும் சொற்கள் எத்தனையானாலும் எடுத்துக்கொள் என்று ஆர்க்பார்ஸில் வைக்கலாம், வைக்காதீர்கள். கோப்பின் பெயரையும் சேர்த்து அது விழுங்கிவிடும்.

ஒரே மதிப்புதான் என்னும் ஆப்ஷன் இரண்டு முறை வந்தால் கடைசியில் வந்தது செல்லட்டும். பலர் கட்டளைக்குச் சுருக்கப் பெயர் வைக்கும் அலியாஸில் '--ஃப்ரம் பாமினி' என்று வைத்திருப்பார்கள், ஒருநாள் மட்டும் திஸ்கி வேண்டியிருக்கும். நேரமோ அளவோ கேட்கும் ஆப்ஷனில் அலகு என்ன என்பதை உதவியில் எழுதிவிடுங்கள்.

6. ஆம், இல்லை

ஃப்ளாக்கின் பெயர் நேர்மறையாக இருக்கட்டும். அணைப்பதற்கு முன்னால் 'நோ' சேர்த்து '--நோ-பேக்கப்' என்று வையுங்கள். ஆர்க்பார்ஸில் பைத்தான் 3.9 முதல் இந்த ஜோடியைத் தானே உருவாக்கும் வசதி இருக்கிறது.

'--பேக்கப் ஃபால்ஸ்' என்று மதிப்பாகக் கேட்காதீர்கள். பைத்தானில் புதியவர்கள் வகையைப் 'பூல்' என்று போட்டுவிடுவார்கள். வெறுமையாக இல்லாத எந்தச் சரமும் பைத்தானுக்கு உண்மைதான். 'ஃபால்ஸ்' என்ற சொல்லும் உண்மையாகிவிடும். அணைக்கச் சொன்னால் எரியும்.

மூன்று நிலை வேண்டும்போது மட்டும் மதிப்பு நல்லது. எல்எஸ், கிரெப் இரண்டிலும் '--கலர்' என்பதற்கு ஆட்டோ, ஆல்வேஸ், நெவர் என்று இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாம்.

7. வரிசை, தனிக்கோடு, இரட்டைக் கோடு

கோப்பின் பெயருக்கு முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் ஆப்ஷன் வேலை செய்யட்டும். பாசிக்ஸ் எல்லாவற்றையும் முன்னால் வைக்கச் சொல்கிறது, குனூ நிரல்கள் எங்கே வந்தாலும் ஏற்கின்றன. மனிதர்கள் மேல்நோக்கு அம்பை அழுத்தி, பழைய கட்டளையின் கடைசியில்தான் ஒன்றைச் சேர்ப்பார்கள். ஒரு விலக்கு: எஸ்எஸ்எச், எக்ஸ்ஆர்க்ஸ் போல உங்கள் நிரல் இன்னொரு கட்டளையை ஓட்டுகிறதென்றால், முதல் ஆப்பரண்டோடு நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் அந்தக் கட்டளையின் ஆப்ஷன்களை நீங்கள் பிடுங்கிக்கொள்வீர்கள்.

வெறும் இரட்டைக் கோடு வந்தால், அதற்குப் பின்னால் எல்லாமே ஆப்பரண்ட். கோட்டில் தொடங்கும் பெயருள்ள கோப்புகளுக்கு இது இல்லாமல் வழியில்லை. '-ஆர்எஃப்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும் இடத்தில் ஆர்எம் நட்சத்திரம் தட்டினால், அந்தப் பெயரே ஃப்ளாக்காகிவிடும். ஸ்கிரிப்டுக்குள் உங்கள் நிரலை அழைக்கும் எடுத்துக்காட்டுகளில் இரட்டைக் கோட்டைச் சேர்த்தே எழுதுங்கள்.

தனிக்கோடு என்றால் உள்ளீட்டு ஓடை, அதாவது விசைப்பலகையிலிருந்தோ வேறொரு நிரலிலிருந்தோ வருவது. கோப்பே கொடுக்காவிட்டாலும் அதையே படிக்கலாம். ஆனால் உள்ளீடு டெர்மினலிலிருந்து வருகிறதென்றால் நிரல் பேசாமல் காத்திருக்கும், புதியவர் தொங்கிவிட்டது என்று நினைத்து மூடிவிடுவார். 'விசைப்பலகையிலிருந்து படிக்கிறேன்' என்று பிழை ஓடையில், அதாவது வெளியீட்டோடு கலக்காமல் செய்திகள் போகும் தனி வழியில், ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

8. ரகசியங்களும் இயல்பு மதிப்புகளும்

கடவுச்சொல்லை ஆப்ஷனின் மதிப்பாக வாங்கக் கூடாது. அதே கணினியில் இருக்கும் மற்றவர், ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் தட்டினால் பெரும்பாலான அமைப்புகளில் முழுக் கட்டளையும் தெரியும், ஷெல்லின் வரலாற்றிலும் தங்கிவிடும். கோப்பிலிருந்தோ உள்ளீட்டு ஓடையிலிருந்தோ படியுங்கள்.

ஒரே அமைப்பு பல இடத்திலிருந்து வந்தால் முன்னுரிமை இப்படி: கட்டளையில் தட்டியது, பிறகு ஷெல்லில் முன்பே வைத்த சூழல் மாறி, பிறகு அமைப்புக் கோப்பு, கடைசியில் இயல்பு மதிப்பு. அந்த நொடியில் கையால் தட்டியதுதான் அவர் இப்போது விரும்புவது.

9. உதவி, பிழைச் செய்தி, வெளியேறும் எண்

'--ஹெல்ப்' கேட்டால் இயல்பு வெளியீட்டில் காட்டி, 0 என்ற எண்ணோடு வெளியேறுங்கள். பிழை ஓடையில் காட்டினால், பக்கம் பக்கமாகப் படிக்க லெஸ்ஸுக்கு அனுப்புபவருக்கு வெற்றுத் திரைதான் கிடைக்கும். மற்ற ஆப்ஷன்கள் தவறாக இருந்தாலும் உதவி வர வேண்டும். தெரியாமல்தானே கேட்கிறார்?

தவறாகத் தட்டினால் செய்தி பிழை ஓடைக்கு, எண் 2. ஆர்க்பார்ஸ் அப்படித்தான் செய்யும். வேலையில் தோல்வி என்றால் 1. இரண்டையும் பிரித்தால்தான், கட்டளை தவறா கோப்பு தவறா என்று ஸ்கிரிப்டுக்குத் தெரியும்.

பிழைக்கு முழு உதவியையும் கொட்டாதீர்கள், உண்மையான செய்தி மேலே ஓடிப்போய்விடும். இப்படி இருந்தால் போதும்:

மாற்றி: '--ஃப்ரம்' என்பதற்கு 'பாமனி' தெரியாத மதிப்பு. தெரிந்தவை: பாமினி, திஸ்கி, டாப், டாம்.

10. வெளியிடும் முன் கெட்ட கட்டளைகளால் சோதியுங்கள்

படி 1-இல் எழுதிய தாளை எடுங்கள். அதோடு இவற்றையும் ஓட்டுங்கள்: கோட்டில் தொடங்கும் கோப்பு, இடைவெளி உள்ள தமிழ்ப் பெயர்க் கோப்பு, வெறுமையான மதிப்பு, கழித்தல் எண், மதிப்பே இல்லாமல் கடைசியில் நிற்கும் '--ஃப்ரம்', கோப்பே இல்லாத கோப்புறையில் நட்சத்திரம்.

இன்னொன்றை மறக்காதீர்கள். கட்டளையை வேர்டு கோப்பிலோ அரட்டைச் செயலியிலோ ஒட்டி அனுப்பினால், இரட்டைக் கோடு ஒரே நீளக் கோடாகச் சில நேரம் மாறிவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. நிரலுக்கு அது ஒரு கோப்பின் பெயர். என்னிடம் 'வேலை செய்யவில்லை' என்று வந்தவர்கள் பலருக்கு இதுவே காரணமாக இருந்தது. கோப்பு இல்லை என்று சொல்லும் இடத்தில், பெயர் நீளக் கோட்டில் தொடங்கினால் 'இங்கே இரண்டு சிறுகோடுகள் தட்டுங்கள்' என்று சேர்த்துச் சொல்ல வைத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வருவதில்லை.

வெளியிட்ட பின் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று வந்தால், பழைய பெயரை உதவியிலிருந்து மட்டும் எடுங்கள். அது தொடர்ந்து வேலை செய்யட்டும், ஒவ்வொரு முறையும் புதுப்பெயரைப் பிழை ஓடையில் சொல்லட்டும். பழைய எழுத்தை எடுத்து வேறொரு பொருளுக்கு உடனே கொடுப்பதுதான் மிக மோசம். '-எஃப்' என்பதை '--ஃப்ரம்' ஆக்கும் முன் ஒரு முழுப் பதிப்புக்கு அதைப் பிழையாகவே வைத்திருந்தேன். தட்டியவர்களின் வேலை அங்கேயே நின்றது, எந்தக் கோப்பும் கெடவில்லை.